டிராயிங் மாறுகிற நாளைப் பற்றிக் கேள்

கோயம்புத்தூர்

அன்புள்ள நித்யாவுக்கு,

நீ அனுப்பிய ஒப்பீட்டு அட்டவணையை அப்பா பெரிய தாளில் அச்செடுத்துக் கொடுத்தார். டிராயிங் கோப்புகளையும் அவற்றில் நடக்கும் மாற்றங்களையும் நிர்வகிக்க நீங்கள் வாங்கப்போகும் மென்பொருளுக்கு, சாலிட்வொர்க்ஸ் பிடிஎம், ஆட்டோடெஸ்க் வால்ட், டீம்சென்டர் என்று மேலே மூன்று பெயர்கள். கீழே பக்கம் பக்கமாக வசதிகள். எல்லாக் கட்டங்களிலும் டிக். கேட்டதற்கெல்லாம் மூன்று பேரும் "உண்டு" என்கிறார்கள் என்றால், கேட்டது சரியில்லை, கண்ணு. விற்க வந்தவர் வாயிலிருந்து "இல்லை" என்ற சொல் வராது. செய்துகாட்டச் சொல். அதுவும் அவர் பென்டிரைவில் கொண்டுவரும் மாதிரிக் கோப்புகளில் அல்ல. உங்கள் ஓசூர் தொழிற்சாலையில் எல்லோரும் தொடப் பயப்படுகிற அந்தப் பழைய கியர்பாக்ஸ் அசெம்பிளியில், அதாவது பல உருப்படிகளைச் சேர்த்து வரைந்த கோப்பில்.

எதைச் செய்துகாட்டச் சொல்வது என்பதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய்.

நான் பம்ப் கம்பெனியில் டிராயிங்கைப் படியெடுத்து வரையும் ட்ரேசராகச் சேர்ந்த காலத்தில் இந்த வேலை முழுவதையும் ஒரு நீளமான பேரேடு பார்த்துக்கொண்டது. டிராயிங் எண், எத்தனையாவது திருத்தம் என்று காட்டும் ரிவிஷன் எழுத்து, தேதி, எந்தப் பிரிவுக்கு எத்தனை பிரிண்ட், வாங்கியவர் கையெழுத்து. அம்மோனியா நெடி போகாத புதுப் பிரிண்டை மெஷின் ஷாப்புக்குக் கொண்டுபோனால், பழையதைக் கொடுத்த பிறகுதான் புதியது கைமாறும். எண்ணெய்க் கறை படிந்திருந்தாலும் பாதி கிழிந்திருந்தாலும் பழையது வந்தாக வேண்டும். இதற்காக ஃபோர்மேன்கள் என்னைத் திட்டாத நாள் இல்லை. வந்ததைக் கிழித்துப்போட்டு, பேரேட்டில் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துவிடுவேன். மூலப்படி பீரோவில் இருக்கும். சாவி தலைமை டிராஃப்ட்ஸ்மேனிடம். ஐஎஸ்ஓ 9001 என்ற தர மேலாண்மைத் தரநிலை வந்தபோது எங்களுக்கு அது புதிதாகத் தெரியவில்லை. காலாவதியான ஆவணம் தவறுதலாகப் பயன்பாட்டுக்கு வந்துவிடாமல் தடுக்க வேண்டும் என்று அதன் 2008ஆம் ஆண்டுப் பதிப்பு வெளிப்படையாகவே சொல்கிறது. தணிக்கையாளர்கள் லேத்துக்குப் பக்கத்தில் தொங்கும் பிரிண்டின் ரிவிஷனைக் குறித்துக்கொண்டு நேராக என் மேஜைக்குத்தான் வருவார்கள்.

அப்படியும் ஓட்டை இருந்தது. ஒருமுறை ஒரு கேசிங்கின், அதாவது பம்பின் வெளிக்கூட்டின், பாதத்தை உயர்த்தி மாற்றினோம். மெஷின் ஷாப் பிரிண்டுகள் எல்லாம் திரும்பிவிட்டன. ஆனால் வெளி ஃபவுண்டரியில் பேட்டர்ன் (வார்ப்பு அச்சுக்கான மாதிரி) செய்பவரின் மேஜை இழுப்பறையில் ஒரு பிரிண்ட் நான்காக மடித்துக் கிடந்தது. பர்ச்சேஸ் பிரிவு அவசரத்துக்குத் தனியாக நகலெடுத்துக் கொடுத்தது. பேரேட்டில் அதற்கு வரி இல்லை. பேட்டர்ன் மாறவே இல்லை. ஒரு லாட் வார்ப்பு முழுதாக வந்து இறங்கி, மில்லிங் மெஷினில் ஏற்றிய பிறகுதான் பாதத்தில் சீவுவதற்கு உலோகமே இல்லை என்று தெரிந்தது. அவ்வளவும் ஸ்கிராப். இன்று அந்த நகல் வாட்ஸ்அப்பில் போகிறது. இழுப்பறையையாவது திறந்து பார்க்கலாம், இதை எங்கே போய்த் தேடுவாய்?

எனவே டெமோவுக்கு வருகிறவரிடம் இதைக் கேள்: ஏற்கெனவே வெளியிட்ட ஓர் உருப்படியில் ஒரு துளையின் விட்டத்தை மாற்று. அந்த உருப்படி எந்தெந்த அசெம்பிளிகளில் இருக்கிறது என்று உடனே காட்டு. மாற்றத்துக்கு யார் ஒப்புதல் தர வேண்டும்? அவர் விடுப்பில் இருந்தால்? ஒப்புதல் வந்ததும் பழைய பிடிஎஃப் என்ன ஆகிறது, பர்ச்சேஸுக்கு யார் சொல்வது, ஆர்டர் கையில் வைத்திருக்கும் சப்ளையருக்கு எப்படிப் போகிறது? இந்த ஒரே ஒரு மாற்றத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை உன் கண்முன் ஓட்டிக் காட்டட்டும். முப்பரிமாணப் படத்தைச் சுழற்றிக் காட்டுவதைப் பார்த்துத் தலையாட்டாதே. அது எல்லாவற்றிலும் சுழலும்.

மென்பொருள் வருவதற்கு முன்பே நீங்கள் தீர்த்துக்கொள்ள வேண்டிய வழக்கு ஒன்று உண்டு: எப்போது ரிவிஷன் எழுத்தை மாற்றுவது, எப்போது புது எண் கொடுப்பது? பழைய உருப்படி இருக்கும் இடத்தில் புதியதை அப்படியே மாட்டலாம், வேலையும் அதேபோலச் செய்யும் என்றால் ரிவிஷன் போதும். இல்லையென்றால் புது எண். இதில் தயவு தாட்சண்யம் கூடாது. ஸ்டோரில் ஒரே எண்ணில், ஒரே தட்டில், ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு ஷாஃப்ட் கிடந்தால் எந்த மென்பொருளாலும் பிரித்துச் சொல்ல முடியாது.

எண்ணுக்குள் அர்த்தத்தைத் திணிக்காதே என்பதும் அதோடு சேர்ந்தது. எங்கள் கம்பெனியில் முதல் இரண்டு இலக்கம் பம்ப் மாடல், அடுத்தது உலோகம். கேட்க அழகாக இருக்கும். அதே ஷாஃப்ட் இன்னொரு மாடலுக்கும் போனதும், வார்ப்பிரும்பு இம்பெல்லர் வெண்கலமானதும், எண் பொய் சொல்லத் தொடங்கிவிட்டது. வெறும் வரிசை எண் போதும். மாடலும் உலோகமும் தேடுவதற்கான தனிப் புலங்களில் இருக்கட்டும். ரிவிஷன் எழுத்துகளில் ஐ, ஓ, கியூ, எஸ், எக்ஸ், இசட் ஆகிய ஆறையும் விட்டுவிடு. அமெரிக்காவின் ஏஎஸ்எம்இ ஒய்14.35 தரநிலை அவற்றை ஒதுக்கிவைத்திருக்கிறது. மங்கிய பிரிண்டில் ஓ எழுத்தைப் பூஜ்யமாகப் படித்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

இனி உன்னைத் தூங்கவிடாத வேலைக்கு வருகிறேன். நான் ஓய்வுபெறுவதற்குள் எங்கள் கம்பெனிக்கும் பிடிஎம் வந்துவிட்டது. பழைய கோப்புகளை ஏற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வரையும் மென்பொருளான சாலிட்வொர்க்ஸில் அசெம்பிளி தன் உறுப்புகளைக் கோப்பின் பெயராலும் இருக்குமிடத்தாலும்தான் நினைவில் வைத்திருக்கிறது. யாராவது விண்டோஸ் கோப்புறையில் போய்ப் பெயரை மாற்றிவிட்டால் அது தேடித் தவிக்கும். "பிராக்கெட்" என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு உருப்படிகள் இருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் திறக்கக்கூட முடியாது. உங்கள் பொதுக் கோப்புறையில் இப்படி எத்தனை பிராக்கெட் இருக்கிறது என்று இன்றே தேடிப் பார். ஏற்றுவதற்கு முன் துப்புரவு செய். குப்பையை உள்ளே விட்டால் அது ஒப்புதல் முத்திரையோடு குப்பையாக இருக்கும். எல்லாவற்றையும் ஏற்றவும் வேண்டாம். இப்போது ஓடுகிற மாடல்களை மட்டும் ஏற்று; மற்றவை ஆர்டர் வரும்போது ஒவ்வொன்றாக வரட்டும்.

பேக்கப் பற்றி விற்பவர்கள் ஒரு வரியில் கடந்துவிடுவார்கள், நீ கடக்காதே. இந்த அமைப்புகளின் சர்வரில் உன் கோப்புகள் நீ வைத்த பெயரில் இருப்பதில்லை. எண்ணிட்ட கோப்புறைகளுக்குள் பதிப்புப் பதிப்பாகக் கிடக்கும். எது எதுவென்று சொல்வது தரவுத்தளம் மட்டுமே. இரண்டையும் ஒரே நேரத்தில் படியெடுக்காவிட்டால் இரண்டுமே பயன்படாது. வாங்கும் முன்பே வேறொரு கம்ப்யூட்டரில் மீட்டெடுத்துக் காட்டச் சொல். நாளைக்கு வேறு மென்பொருளுக்குப் போக நேர்ந்தால் பழைய ரிவிஷன்களும் ஒப்புதல் வரலாறும் வெளியே எப்படி வரும் என்பதையும் எழுத்தில் வாங்கிவிடு.

"எல்லா கேட் மென்பொருளையும் (கம்ப்யூட்டரில் வரையும் மென்பொருள்) ஆதரிக்கிறோம்" என்றால், எந்தப் பதிப்பை என்று கேள். 2006இல் ஏர்பஸ் ஏ380 தாமதமானதற்கு ஒரு காரணம், ஹாம்பர்க்கில் கேட்டியா வி4, துலூஸில் வி5 என்று ஒரே மென்பொருளின் இரண்டு பதிப்புகளில் வடிவமைத்தது. சுமார் 530 கிலோமீட்டர் வயர் ஓடும் விமானம்; கட்டி அனுப்பிய வயர்கள் பொருத்தும் இடத்தில் எட்டவில்லை. உங்கள் பூனே கிளை எந்தப் பதிப்பில் வரைகிறது?

என் கருத்தைக் கேட்டாயே. டீம்சென்டர் பெரிய அமைப்பு, கெட்டிக்காரத்தனமானது. ஆனால் அதைப் பராமரிக்கவென்றே தனி ஆள் வேண்டும். உங்கள் அளவுக்கு அது நிச்சயதார்த்தத்துக்குப் பெரிய கல்யாண மண்டபம் பிடித்த கதை. எல்லோரும் சாலிட்வொர்க்ஸில் வரைவதால் அதன் பிடிஎம்மை முதலில் வைத்துப் பார். ஆனால் லைசென்சோடு சேர்ந்து வருகிற ஸ்டாண்டர்ட் பதிப்பைப் பார்த்து "இலவசம்தானே" என்று உங்கள் நிதி மேலாளர் மயங்குவார். அதில் ஒரே ஒரு ஒர்க்ஃப்ளோதான், அதாவது ஒப்புதலுக்குப் போகும் வழி ஒன்றே ஒன்று. பூனேயில் நகல் சர்வர் வைக்கவும் முடியாது. புரொஃபஷனல் பதிப்புக்கும் வால்ட்டுக்கும் இடையே முடிவுசெய்ய வேண்டுமென்றால், நிறுவ வரப்போகும் ஆளைப் பார்த்து முடிவுசெய். விற்பனை மேலாளரை அல்ல, லேப்டாப்போடு வந்து உட்காரப்போகும் அந்தப் பையனை அல்லது பெண்ணை. அவர் முன்பு நிறுவிக்கொடுத்த ஒரு கம்பெனிக்கு நீ நேரில் போய், அங்கே டிராயிங் வெளியிடுகிறவரிடம் தனியாகப் பேசு.

டெமோ நாளில் பர்ச்சேஸ் மேலாளரையும் மெஷின் ஷாப் சூப்பர்வைசரையும் கட்டாயம் உட்காரவை. வடிவமைப்பாளர்கள் மட்டும் தேர்ந்தெடுத்தால் வடிவமைப்பாளர்கள் மட்டுமே பயன்படுத்துவார்கள்.

பூனேயில் எத்தனை பேர் வரைகிறார்கள், எத்தனை பேர் பார்க்க மட்டும் செய்கிறார்கள் என்று நீ எழுதவில்லை. பார்க்கிறவர்களுக்கு முழு லைசென்ஸ் வாங்கத் தேவையில்லை. அந்தக் கணக்கை அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா