பாப்பா மெக்கானிக்கல் சேரப்போகிறாள்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். எனக்கு மறுபடி இரவு ஷிப்ட், அதனால்தான் பதில் தாமதம்.

பாப்பா கவுன்சலிங்கில் மெக்கானிக்கல் எடுத்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். சின்ன வயதிலிருந்தே உன் பைக்கைக் கழற்றிப் பார்க்கிற பிள்ளை. ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடு: முதல் வருடம் எஞ்சின் கண்ணிலேயே படாது. கணிதம், இயற்பியல், வேதியியல், புரோகிராமிங், கிராபிக்ஸ் என்று பெரும்பாலும் எல்லாப் பிரிவுக்கும் பொதுவான பாடங்கள்தான். ஒர்க்‌ஷாப்பில் இரும்புத் தகட்டை வைஸில் பிடித்து அரத்தால் ராவிக்கொண்டே இருக்க வேண்டும். 'இதற்கா வந்தோம்' என்று பலருக்கு மனம் விட்டுப்போவது அப்போதுதான். ஒரு விளிம்பு நேராக வர எவ்வளவு பாடு என்று கைக்குத் தெரிந்தால்தான், பிற்பாடு டிராயிங்கில் 0.02 மி.மீ. டாலரன்ஸ் (அளவு அவ்வளவுதான் பிசகலாம்) என்று எழுதும்போது அதன் விலை புரியும்.

இரண்டாம் வருடம் தெர்மோடைனமிக்ஸ், ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் எல்லாம் வரிசையாக வரும். அரியர் விழுகிற இடமும் அதுதான். ஒரு பாகத்தைத் தனியே பிரித்து வரைந்து, அதன் மேல் எந்த விசை எந்தப் பக்கம் என்று குறிக்கிற ஃப்ரீ பாடி டயகிராம் கைவந்துவிட்டால் பீம், ஷாஃப்ட், கியர் எல்லாம் வழிக்கு வரும். ஃபார்முலாவை மனப்பாடம் செய்து ஓட்டுகிறவர்கள் மெஷின் டிசைனில் திணறுவார்கள். அந்தத் தேர்வில் சூத்திரங்களும் அட்டவணைகளும் உள்ள டேட்டா புக்கையே கையில் தருவார்கள். எங்கே புரட்டுவது என்று தெரிந்தவர்களுக்குத்தான் அது உதவும்.

அவளிடம் ஒரு கணக்கைக் கொடு. கம்ப்ரஷன் ரேஷியோ (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது) 10 உள்ள பெட்ரோல் எஞ்சினுக்கு, இழப்பே இல்லை என்று வைத்துக் கணக்கிடும் ஓட்டோ (Otto) சைக்கிள் சூத்திரம் சுமார் 60 சதவீதச் செயல்திறன் காட்டும். ரோட்டில் ஓடுகிற வண்டியில் 30, 35 வருவதே பெரிது. மீதி எங்கே போயிற்று? சிலிண்டர் சுவர் வழியே நழுவும் வெப்பம், உராய்வு, எரிபொருள் எரிந்து முடிய ஆகும் நேரம், காற்றை உள்ளே இழுக்கச் செலவாகும் வேலை. இவற்றைத் தேடிப் போகும்போதுதான் ஹீட் டிரான்ஸ்ஃபரும் மற்றதும் ஏன் தனித்தனிப் பாடங்களாக இருக்கின்றன என்று தெரியும். இந்தக் கேள்வியோடு அவள் வகுப்பில் உட்கார்ந்தால் எனக்கு வேறு கவலை இல்லை.

அப்புறம், வேலை. கேம்பஸுக்கு வருவதில் சாஃப்ட்வேர் கம்பெனிகளே அதிகம். ஒரகடம், ஓசூர், கோவை என்று கோர் வேலைகள், அதாவது மெக்கானிக்கல் படிப்புக்கே உரிய வேலைகள், உண்டு; தொடக்கச் சம்பளம் பெரும்பாலும் குறைவு. கேட் (GATE) என்ற அகில இந்தியப் பொறியியல் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தால் எம்.டெக்., பொதுத்துறை என்று வழி திறக்கும். மூன்றாம் வருடத்திலேயே அதற்குப் படிக்கத் தொடங்கட்டும்.

வகுப்பில் பெண்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருப்பார்கள். உலோகத்தைச் சுழற்றிக் கடைகிற லேத்தைச் சுற்றிப் பையன்கள் முண்டியடிப்பார்கள். அவள் ஒதுங்கி நின்று குழுவுக்கு ரெக்கார்டு எழுதிக் கொடுக்கிற ஆளாகிவிடக் கூடாது, செல்வம். கடைய வேண்டிய துண்டை அவளே லேத்தின் பிடியான சக்கில் மாட்டட்டும், அவளே டூலைக் கொடுத்துக் கடையட்டும். இதை நீ அழுத்திச் சொல்ல வேண்டும்.

கிராபிக்ஸ் வகுப்பில் படம் வரையும் கருவியான டிராஃப்டரைப் புதிதாக வாங்காதே, சீனியர்களிடம் கிடைக்கும். வகுப்பு தொடங்கும் தேதி தெரிந்ததும் எழுது. அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், மற்றதை அவளே என்னிடம் கேட்கட்டும்.

அன்புடன்,
ரவி