மாமாவின் மைலோ டின்

சுங்கை சிப்புட்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. கோலாலம்பூர் போய்ச் சேர்ந்துவிட்டதாக அம்மாவிடம் போனில் சொன்னாயாம். என்னோடு பேசவில்லை. தீபாவளி அன்று மாமா இலையில் வைத்த சோற்றை அப்படியே விட்டு எழுந்து போனபோது நான் உன்னைப் பார்த்த பார்வைதான் காரணம் என்று அம்மா சொல்கிறாள். இருக்கலாம். போனில் பேசினால் பாதியிலேயே இரண்டு பேரில் ஒருவருக்குக் குரல் உயர்ந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

நீ சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. ஊசிக்குள் சிப்பு வைக்க முடியாது, கோவிட் ஊசி கோடிக்கணக்கான உயிரைக் காப்பாற்றியது, எல்லாம் உண்மை. மருந்தைப் பற்றிப் படித்தவள் நீ. நானும் தோட்ட ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக, முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன், எனக்கும் அது தெரியும். ஆனால் ஊசிதான் அத்தையைக் கொன்றது என்ற அந்தக் கதையை மாமா ஏன் விடமாட்டேன் என்கிறார் என்பது உனக்குத் தெரியாது. இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை.

2021 ஆகஸ்டு மாதம் நினைவிருக்கிறதா? நாடு முழுக்க ஒரு நாளைக்கு இருபதாயிரம் பேருக்கு மேல் தொற்று வந்துகொண்டிருந்தது. நீ ஆஸ்பத்திரியை விட்டு வர முடியாமல் அங்கேயே கிடந்தாய். அத்தைக்கு முதல் ஊசி போட்டு ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. பயந்துகொண்டே இருந்தவரை மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் உட்கார வைத்தது நான். அதை நீ அறிவாய். அறியாதது இது. அத்தைக்குக் காய்ச்சல் வருவதற்கு நான்கு நாள் முன்னால், இரவு ஒன்பது மணி போல, மாமா நம் வீட்டு வேலிக்கு வெளியே நின்று என்னைக் கூப்பிட்டார். தொழிற்சாலையில் ஜாகா (காவல்) வேலை முடிந்து நேராக வந்திருந்தார், சட்டைகூட மாற்றவில்லை. "மச்சான், இருமல் விடமாட்டேங்குது. அங்க ரெண்டு பேருக்கு இருக்குதுன்னு சொல்றாங்க. டெஸ்ட் எடுத்தா வேலைக்கு வராதேம்பானுங்க, சம்பளம் போயிடும். ரெண்டு நாள் பாக்கட்டா?" என்று கேட்டார். உடனே எடு, வீட்டில் தனியாகப் படு என்றேன். சரி என்று போனவர் எடுக்கவில்லை. சின்ன வீடு, ஒரே அறை, ஒரே மின்விசிறி.

அத்தையின் விரலில் ஆக்சிஜன் கருவியை மாட்டிப் பார்த்தபோது 84 காட்டியது. ஆம்புலன்ஸில் ஏற்றியதுதான் மாமா கடைசியாகப் பார்த்தது. ஆறாவது நாள் போன் வந்தது. பெட்டியை மூடித்தான் கொடுத்தார்கள். முகம் பார்க்க விடவில்லை, வாய்க்கரிசி போட விடவில்லை. என்ன நடந்தது, எப்போது மூச்சு முட்டியது, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. சொல்ல அவர்களுக்கு நேரமும் இல்லை.

போன மாதம் மாமாவின் ரத்த அழுத்தம் பார்க்கப் போனேன். சுவாமி படத்துக்குக் கீழே இருக்கும் பச்சை மைலோ டின்னை எடுத்துத் திறந்து காட்டினார். மேலே அத்தையின் ஊசி அட்டை, பிளாஸ்டிக் உறையில். கீழே மரணச் சான்றிதழின் நகல் மூன்று. அதற்கும் கீழே, பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். அட்டையில் இருந்த ஊசி மருந்தின் தொகுதி எண்ணைப் பார்த்துச் சிவப்பு மையில் தன் கையால் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறார். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர், பாப்பா. அந்த எண்ணைத் தேடிக் கைப்பேசியில் இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்திருக்கிறார். தாளை மடித்து மடித்து மடிப்பு கிழியும் நிலைக்கு வந்துவிட்டது.

அதைப் பார்த்தபோது எனக்கு விளங்கியது. ஊசிதான் அத்தையைக் கொன்றது, பெரிய ஆட்கள் சேர்ந்து செய்தார்கள் என்றால், வேலிக்கு வெளியே நின்ற அந்த இருமலுக்குப் பொறுப்பில்லை. அது பொய் என்றால் மிச்சம் இருப்பது என்ன? நீ புள்ளிவிவரம் சொல்லச் சொல்ல, அவர் காதில் விழுந்தது ஒன்றுதான்: "அத்தைக்கு நோயைக் கொண்டுவந்து கொடுத்தது நீதான்." நீ அப்படி நினைக்கவே இல்லை என்று எனக்குத் தெரியும். அவர் எழுந்து போனது அதற்காகத்தான்.

யாரும் திட்டம் போடாமல், யாரும் கெட்ட எண்ணம் வைக்காமல், ஒரு இருமலில் முப்பது வருஷக் குடும்பம் முடிந்துபோகும் என்பதை மனசு ஏற்காது. பெரிய துயரத்துக்குப் பெரிய காரணம் வேண்டும். எம்எச்370 விமானம் காணாமல் போன அந்த 2014 மார்ச்சில் நம் ஊர் ஒட்டுக்கடையில் தினமும் ஒரு கதை ஓடியது. தீவில் இறக்கிவிட்டார்கள், சுட்டுவிட்டார்கள், சரக்குக்காகக் கடத்திவிட்டார்கள் என்று. அதில் போனது 239 உயிர். 2018 ஜூலையில் வந்த விசாரணை அறிக்கை, காரணத்தை உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றது. நேர்மையான பதில்தான். ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு எந்தத் தாய் தூங்க முடியும்? யாரோ ஒரு கொடியவன் செய்தான் என்றாலாவது திட்ட ஒரு ஆள் கிடைக்கிறான்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை எழுத எனக்குக் கை நடுங்குகிறது.

நம் மக்களுக்குச் சந்தேகம் வாட்ஸ்அப்பில் வந்ததில்லை. என் அப்பா சொல்வார், ஜப்பான்காரன் காலத்தில் இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டம் சேர்த்து, கதவை அடைத்து, அப்படியே லாரியில் ஏற்றிச் சயாமுக்கு (தாய்லாந்துக்கு) கொண்டுபோனதை. 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடப் போனவர்களில் எத்தனையோ தமிழர்கள் திரும்பவே இல்லை. ஏமாற்றப்பட்டவர்களின் பிள்ளைகள் நாம். அது பழைய கதை. என் கதை பழையதில்லை.

உன் அம்மாயி மருந்தடிக்கும் வேலையில் இருந்தார். முதுகில் பம்பு, காலில் சிலிப்பர், முகத்தில் பழைய துண்டு. அடித்தது பாராக்குவாட் என்ற களைக்கொல்லி. ஒரு நாள் காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்து கையை நீட்டினார். இரண்டு நகம் வெள்ளையாகிக் கழன்று தொங்கியது, மூக்கில் ரத்தம். கூட நின்ற பையனுக்குப் பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும். அதுதான் உன் மாமா. நான் சொன்னேன்: "தண்ணி கலந்து அடிக்கிற மருந்துதான், ஒண்ணும் செய்யாது. சோப்புப் போட்டுக் கழுவுங்க." ஆபீசிலிருந்து எனக்கு அப்படித்தான் சொல்லியிருந்தார்கள், நானும் நம்பினேன். நம்பாத நாள்களிலும் அதையே சொன்னேன்.

அப்புறம் ஐரின் பெர்னாண்டஸின் தெனாகானித்தா அமைப்பு மருந்தடிக்கும் பெண்களைத் தேடிப் போய்க் கேட்டுப் பேசியது. 2002இல் அரசாங்கம் பாராக்குவாட்டுக்குத் தடை என்றது, 2006இல் தளர்த்தியது, 2020 ஜனவரி 1 முதல்தான் முழுசாக நின்றது. அம்மாயி அதற்கெல்லாம் முன்னாலேயே போய்விட்டார். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவன் "ஒண்ணும் செய்யாது" என்று தன் அம்மாவிடம் சொன்னதை அந்தப் பையன் கேட்டுக்கொண்டு நின்றான். நாற்பது வருஷம் கழித்து அதே ஆள் அவன் பெண்டாட்டியிடம் வந்து "ஊசி ஒண்ணும் செய்யாது, வாங்க" என்றால்? இந்த முறை நான் சொன்னது உண்மை. ஆனால் முதல் முறை சொன்னதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அதனால் சந்தேகமே தப்பு என்று நான் மாமாவிடம் சொல்லமாட்டேன். எதை வைத்துச் சந்தேகப்படுகிறோம், பதில் வந்தால் என்ன செய்கிறோம் என்பதில்தான் பேச்சு. 1998 கடைசியில் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைகளில் ஆட்கள் மூளைக்காய்ச்சலில் சாகத் தொடங்கினார்கள். ஜேஇ, அதாவது ஜப்பானிய மூளைக்காய்ச்சல், கொசுவால் வருவது என்று மேலிடம் சொன்னது. நாங்களும் அதையே சொன்னோம், புகை அடித்தோம், ஜேஇ ஊசி போட்டோம். ஊசி போட்டவர்களும் செத்தார்கள். குழந்தைகளைவிடப் பெரியவர்கள் அதிகம், அதுவும் பன்றியைத் தொட்டு வேலை செய்த சீனரும் நம் ஆட்களும். பக்கத்துக் கம்பத்து (கிராமத்து) மலாய்க்காரர்களுக்கு இல்லை. "கொசு ஆள் பாத்தா கடிக்கும்?" என்று பண்ணையில் லாரி ஓட்டியவர் என்னிடம் கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங், சுங்கை நீப்பா கம்பத்து நோயாளியிடம் எடுத்த மாதிரியில் இதுவரை யாரும் காணாத கிருமியைக் கண்டார். அதுதான் நீப்பா. எல்லாம் ஓய்வதற்குள் 105 பேர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். பத்து லட்சம் பன்றிகளுக்கு மேல் கொன்றார்கள்.

அந்த லாரிக்காரரும் டாக்டர் சுவாவும் மேலிடத்தை நம்பாதவர்கள்தான். ஆனால் எது கண்ணுக்குத் தெரிந்ததோ அதைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள், பதில் வந்ததும் கேள்வி முடிந்தது. 1எம்டிபி என்ற அரசாங்க நிதியில் பணம் சுருட்டிய விவகாரமும் அப்படித்தான் வெளியே வந்தது, வங்கிக் கணக்கும் தேதியும் தொகையுமாக. மாமாவின் கேள்விக்கு எந்தப் பதில் வந்தாலும், பதில் சொன்னவனும் கூட்டாளி ஆகிவிடுகிறான். டாக்டர் கூட்டாளி, பேப்பர் கூட்டாளி, இப்போது நீயும். காலையில் கொரோனாவே பொய் என்கிறார், சாயந்திரம் அது சீனாவில் செய்த கிருமி என்கிறார். இல்லாத ஒன்றை எப்படிச் செய்வது என்று நீ கேட்டாயே, நல்ல கேள்வி. இங்கிலாந்தில் கென்ட் பல்கலைக்கழகத்தார் 2012இல் இதையே பார்த்திருக்கிறார்கள். இளவரசி டயானாவைக் கொன்றுவிட்டார்கள் என்று அதிகம் நம்பியவர்களே, அவர் சாகவில்லை, ஒளிந்திருக்கிறார் என்பதையும் அதிகம் நம்பினார்களாம். மறைக்கிறார்கள் என்பது ஒன்று உறுதியானால் போதும், மேலே எந்தக் கதை வேண்டுமானாலும் உட்காரும்.

நம் தப்பையும் சொல்லவேண்டும். அத்தை போன பிறகு பதினாறு நாள் நாம் யாரும் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. விதி அப்படி, பயம் அப்படி. அந்தப் பதினாறு நாளும் காலை ஆறு மணிக்கு மாமாவின் கைப்பேசி அடித்திருக்கிறது. யாரோ ஒரு குழுவில் சேர்த்துவிட்டார்கள். முன்பின் தெரியாதவர்கள், "அண்ணே சாப்டீங்களா, தைரியமா இருங்க, உங்க வீட்டுக்காரம்மாவக் கொன்னுட்டாங்கண்ணே" என்று எழுதியிருக்கிறார்கள். முதலில் பசியாறச் சொன்னவர்கள் அவர்கள். இன்றைக்கும் அந்தக் குழுவை விட்டு வா என்றால், தனியாகக் கிடந்தபோது பேசியவர்களை விட்டு வா என்றுதான் அவருக்குக் கேட்கும்.

இதையெல்லாம் அவர் பாட்டுக்கு நம்பட்டும் என்று விட முடியாது, பாப்பா. நாலு மாதமாக இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) மாத்திரையை நிறுத்திவிட்டார். அதுவும் அவர்களுடைய வியாபாரம் என்று குழுவில் வந்ததாம். ஏதோ இலையைக் காய்ச்சிக் குடிக்கிறார். போன வாரம் விரலில் குத்திப் பார்த்தேன், 17 காட்டியது, ரொம்ப அதிகம். கால் பெருவிரலில் ஒரு புண் ஆறாமல் இருக்கிறது. இதற்குமேல் உனக்கு நான் விளக்கத் தேவையில்லை.

நீ எப்போதோ கொடுத்துவிட்டுப் போன ஆராய்ச்சித் தாள் ஒன்றைப் படித்தேன். 2008இல் வந்தது. தன் கையில் ஒன்றும் இல்லை என்று உணரவைக்கப்பட்டவர்களுக்கு வெறும் புள்ளிகளாக இருந்த படத்தில்கூட உருவம் தெரிந்ததாம். அந்தத் தாளிலேயே இன்னொரு சோதனை இருந்தது, நீ கவனித்தாயோ என்னவோ. தனக்கு எது முக்கியம் என்று நினைத்துப் பார்க்க வைத்த பிறகு, அப்படி உருவம் தெரிவது குறைந்துபோனது. படத்தைப் பற்றி யாரும் அவர்களோடு வாதாடவில்லை.

தைப்பூசத்துக்கு லீவு போட்டுவிட்டேன் என்றாயே, இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடு. அத்தை சுடும் அச்சு முறுக்குப் பக்குவம் நம் குடும்பத்தில் உனக்குத்தான் தெரியும். தேங்காய்ப்பால் எவ்வளவு, அச்சை எண்ணெயில் எவ்வளவு நேரம் வைப்பது என்று உனக்கு மட்டும்தான் சொல்லிக் கொடுத்தார். மாமா வீட்டு அடுப்பிலேயே சுடு. அச்சு அங்கேதான் இருக்கிறது, அவர் யாருக்கும் கொடுப்பதில்லை. சுட்டுக்கொண்டே அத்தையைப் பற்றிக் கேள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன கதையைக் கேள், லிந்தாங் ரோட்டில் மோட்டார் விழுந்ததைக் கேள். ஊசியைப் பற்றி அவர் எடுத்தால் கேட்டுக்கொள், பதில் சொல்ல அவசரப்படாதே. காலைக் காட்டச் சொல். நீ கேட்டால் காட்டுவார்.

அம்மாயியின் நகத்தைப் பற்றி நான் அவரிடம் பேசப் போகிறேன். அன்றைக்கு நான் சொன்னது பொய் என்று இந்த வயதிலாவது அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். நீ வருவதற்கு முன்னாலேயே, இந்த ஞாயிறு. அந்த இருமலைப் பற்றி மட்டும் நீயாக வாய் திறக்காதே. அவராகச் சொன்னால், பக்கத்தில் உட்கார்.

ஈப்போவில் எத்தனை மணிக்கு இறங்குகிறாய் என்று சொல், நான் வந்து ஏற்றிக்கொள்கிறேன். குளுக்கோஸ் கருவிக்குப் பட்டைகள் தீர்ந்துவிட்டன, இரண்டு டப்பா வாங்கி வா.

அன்புடன்,
அப்பா