திருநீறு மடித்த துண்டறிக்கை: கோயில் நிர்வாகக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரிலுள்ள இந்துக் கோயில்களின் நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

சென்ற ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில், அன்னதானக் கூடத்து வாசலில் நின்று, மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனையைப் பற்றிக் கோயில் தொண்டூழியர்களான நாங்களே அச்சிட்ட துண்டறிக்கையைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டு வேலைக்காகத் தமிழகத்திலிருந்து வந்திருக்கும் ஓர் அம்மா, வயது ஐம்பதைத் தாண்டியவர், அதை மரியாதையாக வாங்கி, நான்காக மடித்து, திருநீற்றை அதில் பொதிந்து முந்தானையில் முடிந்துகொண்டார். படிக்கவில்லையா என்று கேட்டேன். “ஆறு மாசத்துக்கு ஒருவாட்டி டாக்டர்தான் பார்க்கிறாரேம்மா” என்றார்.

பணிப்பெண்களுக்கான அந்த ஆறு மாதப் பரிசோதனை, கருவுற்றிருக்கிறாரா, காசநோய் போன்ற தொற்று உண்டா என்று பார்ப்பதற்கானது. அதில் மேமோகிராம், அதாவது மார்பகத்தை எடுக்கும் எக்ஸ்ரே படம், கிடையாது. 50 முதல் 69 வயது வரையுள்ள பெண்கள் இரண்டாண்டுக்கு ஒரு முறை மேமோகிராம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது இங்குள்ள பரிந்துரை. கையில் தட்டுப்படாத கட்டியும் அந்தப் படத்தில் தெரியக்கூடும் என்பதால்தான், ஒரு குறையும் இல்லாதவரை வரச் சொல்கிறார்கள். உடம்புக்கு முடியாமல் போனால் மட்டுமே ஆஸ்பத்திரிப் படியேறிப் பழகியவருக்கு இது புரியாததில் வியப்பில்லை.

எங்கள் துண்டறிக்கையின் தமிழில் பிழையில்லை. பெண்கள் கேட்கும் கேள்விகள்தாம் அதில் இல்லை. படம் எடுப்பவர் ஆணா, பெண்ணா? (பெண்தான்.) அன்றைக்குப் பவுடர் பூசலாமா? (கூடாது, அதன் துகள் படத்தில், நோயைக் குறிக்கக்கூடிய சுண்ணாம்புப் புள்ளிபோல் தோன்றிக் குழப்பும்.) திருமணமாகி இங்கு வந்த இளம்பெண் ஒருவர், தம் மாமியாரை அழைத்துச் செல்ல நினைத்து, தாலியைக் கழற்றச் சொல்வார்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். கழுத்தில் கிடப்பதைக் கழற்றச் சொல்வது வழக்கம் என்பதால், முதுகுப்பக்கம் ஒதுக்கிக்கொள்ளலாமா என்று முன்கூட்டியே கேட்கும்படி சொல்லியனுப்பினேன். அந்த ஒரு வரியை அச்சிட்டிருந்தால் எத்தனையோ பேருடைய தயக்கம் தீர்ந்திருக்கும்.

செலவும் ஒரு தடைதான். குடிமக்களுக்குரிய கட்டணச் சலுகை, வருகை அட்டையிலும் வேலை அனுமதியிலும் இருப்பவர்களுக்குக் கிடைப்பதில்லை.

ஆகவே, ஆடி ஞாயிறுகளில் கூழ் ஊற்றும் நேரத்தில் கால்மணி நேரம் ஒதுக்கி, மேமோகிராம் எடுத்துக்கொண்ட பெண் ஒருவரையே பேசச் செய்யுமாறும், வசதியில்லாதவருடைய கட்டணத்துக்கு உண்டியல் வருவாயில் ஒரு பங்கு ஒதுக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். மேமோகிராம் எடுக்கும் பலதுறை மருந்தகங்கள் (பாலிகிளினிக்குகள்) ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை. உங்கள் பக்தர்களில் பணிப்பெண் வைத்திருப்போர் வார நாளில் ஒரு காலைப்பொழுதை அவருக்கு விட்டுத்தர வேண்டும் என்பதையும் நீங்களே மேடையில் சொல்லுங்கள். நாங்கள் சொன்னால் கேட்கமாட்டார்கள்.

இப்படிக்கு,
கோயில் தொண்டூழியர் ஒருவர்