2024-25 ஆண்டறிக்கை: டீசல் தீர்ந்து ஒரு வண்டியும் ரோட்டில் நிற்கக் கூடாது

நம் லாரி உரிமையாளர் சங்க உறுப்பினர்களுக்கும், கூட்டத்துக்கு வந்திருக்கும் ஓட்டுநர்களுக்கும் செயலாளரின் வணக்கம்.

வழக்கமாக ஆண்டறிக்கையில் எத்தனை கூட்டம் போட்டோம், எந்த அதிகாரியைப் பார்த்தோம், எந்த மனு எங்கே நிற்கிறது என்று வரிசையாக வாசிப்போம். இந்த முறை அதைச் சுருக்கிக்கொள்கிறேன். செயற்குழு தவறாமல் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார், பிரதி வேண்டுமென்றால் அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளலாம். ஓட்டுநர் பிள்ளைகளுக்கான நோட்டுப் புத்தகம் பள்ளி திறக்கும்போதே கொடுத்தாயிற்று. இந்த ஆண்டு நம்மைவிட்டுப் போன உறுப்பினர்களுக்கும், சாலையில் உயிர்விட்ட ஓட்டுநர்களுக்கும் அஞ்சலி செலுத்திவிட்டுத்தான் உட்கார்ந்தோம். அந்தக் குடும்பங்களில் காப்பீட்டுப் பணம் இன்னும் கைக்கு வராதவர்கள் இருக்கிறார்கள், அந்தக் கோப்புகளை விடாமல் துரத்திக்கொண்டிருக்கிறோம்.

அப்புறம், இந்த அறிக்கையில் நான் முழுசாகப் பேச நினைப்பது ஒரே விஷயம். டீசல்.

ராத்திரி நேரத்தில் அலுவலக நம்பருக்கு விபத்து, செக்கிங், கேஸ் என்று பல போன் வரும். அதற்கு நடுவே "டேங்க் காலியாகி வண்டி நின்னுபோச்சுங்க" என்று வருகிற போன்தான் எனக்கு அதிகம் வருத்தம் தருவது. டயர் வெடிப்பதும் மழையில் பாலம் போவதும் நம் கையில் இல்லை. டேங்க்கில் எவ்வளவு இருக்கிறது என்பது முழுக்க நம் கையில் இருக்கிறது. அதிலும் இந்த ஆண்டு வந்த போன்களை ஒவ்வொன்றாக விசாரித்துப் பார்த்ததில் எனக்குத் தெரிந்தது, பெரும்பாலும் டிரைவர் அசந்ததால் டேங்க் காலியாகவில்லை, முதலாளி போட்ட கணக்கால் காலியாகியிருக்கிறது. இதைச் சொல்வதால் சில அண்ணன்மார்களுக்குக் கோபம் வரலாம். வந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். அதிலாபாத்தில் பருத்திப் பொதி ஏற்றிக்கொண்டு கோயம்புத்தூருக்கு வந்த நம் உறுப்பினர் வண்டி ஒன்று, அனந்தப்பூர் தாண்டி பெனுகொண்டா பக்கம் நடு ராத்திரியில் நின்றது. பாகேபள்ளிக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான். ஆந்திராவில் டீசல் விலை கூடுதல், கர்நாடக எல்லையைத் தொட்டால் லிட்டருக்கு ஐந்தாறு ரூபாய் குறையும், அதனால் "பாகேபள்ளி வரைக்கும் இழுத்துட்டு வந்துரு, அங்க ஃபுல் பண்ணிக்கலாம்" என்று முதலாளி போனில் சொல்லியிருக்கிறார். அந்த டிரைவர் கர்னூலிலேயே கேட்டிருக்கிறார், 50 லிட்டராவது போட்டுக்கொள்ளட்டுமா என்று. வேண்டாம் என்ற பதில்தான் வந்தது. ஏற்றத்தில் இழுவை குறைந்து, ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஆர்பிஎம் இறங்கி, இரண்டு முறை திணறிவிட்டு இன்ஜின் ஆஃப். டிரைவர் யாரோ ஒருவர் பைக்கில் தொற்றிக்கொண்டு போய்க் கேனில் டீசல் வாங்கிவந்து ஊற்றினார். வண்டி எடுக்கவில்லை. ஸ்டார்ட்டரை விடாமல் அடித்ததில் பேட்டரியும் இறங்கிவிட்டது. விடிந்து மெக்கானிக் வந்து, டீசல் பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்றி, அதாவது ஏர் எடுத்து, வண்டி கிளம்பும்போது பத்து மணி ஆகிவிட்டது.

இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கர்னூலில் இருந்து பாகேபள்ளிக்கு 250 கிலோமீட்டர் பக்கம். லோடு வண்டி லிட்டருக்கு மூன்றரை கிலோமீட்டர் கொடுத்தால் அதற்கு 70 லிட்டருக்கு மேல் வேண்டும். கர்னூலில் 50 லிட்டர் போட்டிருந்தால் கூடுதலாகப் போயிருப்பது 300 ரூபாய். அந்த 300 ரூபாயைப் பிடித்துவைத்ததற்கு மெக்கானிக் கூலி, பேட்டரி, அரை நாள் தாமதம், இறக்குமிடத்தில் பேச்சு. இத்தனைக்கும் பிறகு அந்தச் செலவை டிரைவரின் பேட்டாவில் பிடித்தார்கள். சங்கம் தலையிட்டு அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வைத்தது. இந்த ஆண்டு நாம் செய்த வேலைகளில் இதை நான் முக்கியமானதாக நினைக்கிறேன்.

விலை வித்தியாசம் பார்த்து டீசல் போடுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. நம் தொழிலில் டீசல்தான் பெரிய செலவு, அதில் மிச்சம் பிடிக்காமல் யாரும் தவணை கட்ட முடியாது. ஆனால் மலிவான மாநிலத்தில் ஃபுல் பண்ணிக்கொண்டு விலை கூடிய மாநிலத்துக்குள் நுழைவது வேறு, காலி டேங்க்கோடு மலிவான மாநிலத்தைத் துரத்திக்கொண்டு ஓடுவது வேறு. முதலாவது கெட்டிக்காரத்தனம். இரண்டாவதில் வழியில் ஒரு டிராஃபிக் ஜாம் வந்தாலே போச்சு. அதோடு பழைய மனக்கணக்கும் இப்போது செல்லாது. கர்நாடகத்தில் 2024 ஜூனில் டீசல் வரியை ஏற்றினார்கள், 2025 ஏப்ரல் 1 முதல் மறுபடி ஏற்றியதில் லிட்டருக்கு 2 ரூபாய் கூடியது. ஓசூரில் போடாமல் கர்நாடக எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளி தாண்டிப் போடுவதில் முன்பு இருந்த லாபம் இப்போது இல்லை.

இரண்டாவது காரணம், டிரிப் பணம். லோடு ஏற்றும் இடத்தில் அட்வான்ஸ் குறைவாக வருகிறது, பாக்கி வர ஒரு மாதம் ஆகிறது, அதனால் முதலாளி டிரைவருக்கு ஐயாயிரம், மூவாயிரம் என்று துண்டு துண்டாக அனுப்புகிறார். டிரைவர் ஒவ்வொரு பங்க்கிலும் அந்தத் துண்டுக்கு ஏற்றபடி போடுகிறார். டேங்க் எப்போதும் கால்வாசிக்குக் கீழேயே கிடக்கிறது. கஷ்டம் எனக்குப் புரிகிறது, என் வண்டிக்கும் பாக்கி வராமல் இருக்கிறது. ஆனால் இப்படி ஓடினால் மைலேஜும் தெரியாது. ஃபுல் டேங்க் போட்டு, கிலோமீட்டர் குறித்து, அடுத்த ஃபுல் டேங்க்கில் போட்ட லிட்டரால் வகுத்தால்தான் வண்டியின் உண்மையான மைலேஜ் வரும். அது தெரியாத வண்டியில் டீசல் திருட்டு நடந்தாலும் தெரியாது, டிரைவர் மேல் வீண் சந்தேகம் வந்தாலும் அவரால் நிரூபிக்க முடியாது.

டேங்க் காலியாவது ஏன் டீசல் வண்டிக்கு இவ்வளவு கேடு என்று புதிதாக வண்டி வாங்கிய தம்பிகளுக்காக விளக்கமாகச் சொல்கிறேன். பெட்ரோல் பைக்கில் பெட்ரோல் தீர்ந்தால் ஊற்றி உதைத்தால் கிளம்பிவிடும். டீசலில் பைப்புக்குள் காற்று புகுந்துவிட்டால், பம்ப் அந்தக் காற்றைத்தான் அமுக்கிக்கொண்டிருக்கும், இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசிலுக்கு டீசல் போகாது. பழைய வண்டியில் ஃபில்டர் மேலே இருக்கும் ஏர் ஸ்குருவைத் தளர்த்திவிட்டு ஹேண்ட் பிரைமரை அடிக்க வேண்டும். முதலில் நுரையும் குமிழியுமாக வரும், அது நின்று டீசல் மட்டும் சுத்தமாக வழியும்போது ஸ்குருவை முடுக்க வேண்டும். அப்படியும் எடுக்காவிட்டால் நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி ஏர் எடுப்பது பழைய பழக்கம்.

பிஎஸ்4, பிஎஸ்6 என்ற புதிய புகை விதிப்படி வந்த காமன் ரெயில் வண்டியில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்த டீசல் போகும் வண்டியில், இந்தக் கடைசி வேலையைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். ரெயில் என்கிற அந்தக் குழாயில் அழுத்தம் ஆயிரம் பார் அளவுக்கு மேலே போகும், தளர்ந்த நட்டிலிருந்து பீறிடும் டீசல் தோலைக் கிழித்து உள்ளே போய்விடும். பிரைமரை மட்டும் அடியுங்கள். ஸ்டார்ட்டரைப் பதினைந்து, இருபது விநாடிக்கு மேல் தொடர்ந்து பிடிக்காதீர்கள், நடுவில் ஆறவிடுங்கள். இன்னொன்று, இந்த வண்டிகளில் பெரும்பாலும் ஹை பிரஷர் பம்ப்புக்கு வேறு ஆயில் கிடையாது, அதற்குள் ஓடும் டீசல்தான் வழவழப்பு கொடுக்கிறது. டீசல் இல்லாமல் சுற்றினால் உள்ளே உரசித் தேயும், அந்த இரும்புத் துகள் ரெயில் வழியாக இன்ஜெக்டர் வரைக்கும் போகும். பம்ப்பையும் இன்ஜெக்டர்களையும் சேர்த்து மாற்றினால் பில் லட்சத்தைத் தொடும் என்பது இங்கே சிலருக்கு ஏற்கெனவே தெரியும். டேங்க்கின் அடியில் சேர்ந்திருக்கும் தண்ணீரும் கசடும் வேறு, காலியாகக் காலியாகத்தான் உறிஞ்சும் பைப்புக்கு வரும்.

மலைப்பாதையில் இன்னும் மோசம். டேங்க்கில் கொஞ்சம் டீசல் இருந்தாலும் வண்டி சாய்ந்து நிற்கும்போது அது ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், பைப் காற்றை இழுக்கும். திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவு. ஒரு வளைவில் ஒரு லாரி நின்றால் பண்ணாரி வரைக்கும் மொத்தமும் நிற்கும். 2022 பிப்ரவரியில் இருந்து சாயங்காலம் 6 மணி முதல் காலை 6 மணி வரை அந்த வழியில் கனரக வாகனம் போக முடியாது என்பதால், மேலே நின்றுபோன வண்டிக்கு நேரமும் எதிரி. இறக்கத்தில் இன்ஜின் நின்றால் அது உயிர் விஷயம். பவர் ஸ்டீயரிங் கனத்துவிடும், எக்ஸாஸ்ட் பிரேக் கிடையாது, கம்ப்ரஸர் சுற்றாததால் ஏர் டேங்க்கில் இருக்கும் காற்று திரும்பத் திரும்பப் பிரேக் மிதித்தால் இறங்கிவிடும். தொப்பூர் இறக்கத்தில் எத்தனை குடும்பம் அழிந்தது என்று நம் பகுதியில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. டீசல் குறைவாக இருக்கிறது என்று அங்கே நியூட்ரலில் இறக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கியரில் வைத்து ஆக்சிலேட்டரை விட்டு இறக்கினால் இப்போதைய இன்ஜின் டீசலையே நிறுத்திவிடும், சக்கரமே இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால் ஐடிலிங்குக்கு டீசல் குடிக்கும். அதாவது உயிரைப் பணயம் வைத்து டீசலைக் கூடுதலாக எரிக்கிறோம்.

காத்திருக்கும் டீசலையும் கணக்கில் சேருங்கள். ஐடிலிங்கில் நின்றால் வண்டியைப் பொறுத்து மணிக்கு ஒன்றரை முதல் மூன்று லிட்டர் வரை போகும். 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் லாரிகளில் கேபின் ஏசி கட்டாயம், அதை மனதார வரவேற்கிறேன், நாற்பது டிகிரி வெயிலில் ஓட்டுகிறவருக்கு அது சொகுசு இல்லை. ஆனால் ராத்திரி ஏசி போட்டுத் தூங்கினால் காலையில் பத்து, பதினைந்து லிட்டர் குறைந்திருக்கும் என்று முதலாளி தெரிந்துவைத்திருக்க வேண்டும், அதற்காக டிரைவரைத் திட்டக் கூடாது. திடீர் நிறுத்தங்களும் உண்டு. 2024 ஜனவரி தொடக்கத்தில், விபத்துத் தண்டனைச் சட்டத்தை எதிர்த்து வட மாநில ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்தியபோது ஹைதராபாத் பங்க்குகளில் நின்ற வரிசையை நம் வண்டிக்காரர்கள் நேரில் பார்த்தார்கள். 2025 ஏப்ரல் 14 நள்ளிரவில் கர்நாடக லாரி உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கியபோதும் எல்லையில் வண்டிகள் தேங்கின. அரை டேங்க் வைத்திருந்தவருக்கு அந்த நாட்களில் தவிப்பு இல்லை.

டேங்க்கில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் டீசல் முள்ளைப் பற்றி ஒரு வார்த்தை. முள் வேலை செய்யாத வண்டிகள் நம்மிடம் நிறைய இருக்கின்றன. டேங்க்குக்குள் இருக்கும் மிதவை சிக்கிக்கொள்ளும், அல்லது ஒயர் போயிருக்கும். பட்டறையில் சின்ன வேலைதான், தகுதிச் சான்றுக்கு, அதாவது எஃப்சிக்கு விடும்போதே சரி பண்ணிவிடலாம். அதுவரை குச்சி விட்டுப் பார்க்கலாம், ஆனால் வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், குச்சி சுத்தமாக இருக்க வேண்டும். அந்தக் குச்சியில் ஐம்பது ஐம்பது லிட்டராக ஊற்றி ஒருமுறை கோடு போட்டுவைத்தால் பல வருஷம் உதவும். பிஎஸ்6 வண்டிக்காரர்கள், புகையைச் சுத்தப்படுத்தத் தனி டேங்க்கில் ஊற்றும் ஆட்ப்ளூ திரவத்தையும் இதே மாதிரி பார்க்க வேண்டும். அது தீர்ந்தால் வண்டியின் இழுவையைக் கம்ப்யூட்டரே குறைத்துவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு வண்டி நின்றேவிட்டால், முதலில் டீசல் தேடி ஓட வேண்டாம். இன்ஜின் திணறும்போதே இடதுபக்கம் ஒதுக்குங்கள், ஹசார்ட் லைட் போடுங்கள், சிவப்பு முக்கோணத்தை நன்றாகப் பின்னால் தள்ளி வையுங்கள், தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033க்குப் போன் பண்ணுங்கள். இருட்டில் நிற்கும் லாரியின் பின்னால் மோதித்தான் பலர் சாகிறார்கள். சக்கரத்துக்கு முட்டாகக் கல்லை வைத்தீர்களென்றால் கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்துவிட்டுப் போங்கள்.

செயற்குழு சார்பில் நான்கு தீர்மானங்களைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். வண்டி கிளம்பும்போது டேங்க் ஃபுல்லாக இருக்க வேண்டும், வழியில் கால் டேங்க்குக்கு இறங்கினால் எந்த மாநிலமாக இருந்தாலும், முதலாளி போன் எடுக்காவிட்டாலும், டிரைவர் 100 லிட்டர் வரை போட்டுக்கொள்ளலாம், அந்தப் பில்லை முதலாளி மறுபேச்சில்லாமல் ஏற்க வேண்டும். டீசல் தீர்ந்து நின்ற செலவை, சங்கம் விசாரிக்காமல் பேட்டாவில் பிடிக்கக் கூடாது. முள் வேலை செய்யாத வண்டிகளின் பட்டியலை அடுத்த செயற்குழுவுக்குள் உறுப்பினர்களே கொடுத்துவிட வேண்டும், மொத்தமாகப் பட்டறையில் பேசி விலை குறைத்துத் தருகிறோம். ஏர் எடுக்கும் பயிற்சியை, பழைய வண்டிக்கும் காமன் ரெயிலுக்கும் தனித்தனியாக, நம் மெக்கானிக்குகளை வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நடத்துகிறோம், கிளீனர் தம்பிகளையும் அனுப்புங்கள். முதல் தீர்மானத்தில் 100 லிட்டர் அதிகம் என்று நினைப்பவர்கள் இங்கேயே எழுந்து பேசலாம், பேசிவிட்டு வாக்கெடுப்புக்குப் போவோம்.

இப்படிக்கு,
செயலாளர்