பாண்டை வெறுக்கலாம், பூட்டி வைக்க வேண்டாம்

குலசேகரம் பக்கத்து எங்கள் வாசகசாலையின் நிர்வாகக் குழு அண்ணன்மார்களுக்கு,

வணக்கம். ஜேம்ஸ் பாண்ட் நாவல்களையும் பழைய ராணி காமிக்ஸ் கட்டையும் எடுத்துப் பூட்டி வைத்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். குடிகாரன், பொம்பளப் பித்து பிடித்தவன், நம்ம பிள்ளைகளைக் கெடுத்துவிடுவான் என்பது காரணமாம். அந்த ஆளை எனக்கும் பிடிக்காது. ஆனால் நீங்கள் சொல்லும் காரணத்துக்காக அல்ல.

குடியை விடுங்கள். நம்ம ஊரில் அதைக் கற்றுக்கொடுக்க லண்டனிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. 1953-ல் வந்த முதல் நாவல் 'கேசினோ ராயல்'. அதில் ஒரே நாளில் எழுபதாவது சிகரெட்டைப் பற்றவைக்கிறான். படிக்கிற பிள்ளைக்கு இருமல்தான் வரும், ஆசை வராது.

பல பெண்களோடு பழகுகிறான் என்பதும் என் குறை இல்லை. வேண்டாம் என்று ஒருத்தி சொன்னால் அவன் காதில் விழுவதில்லை, அதுதான் குறை. 1964-ல் வந்த 'கோல்ட்ஃபிங்கர்' படத்தில், வைக்கோல் கொட்டகையில் தள்ளித் தள்ளிவிடுகிறவளை மல்லுக்கட்டி அமுக்குகிறான். அப்புறம் பார்த்தால் அவள் மனம் மாறி அவன் பக்கமே சேர்ந்துவிடுகிறாள்! அடுத்த ஆண்டு 'தண்டர்பால்'. சிகிச்சை இயந்திரத்தில் பாண்ட் மாட்டிக்கொண்டது தன் கவனக்குறைவால்தான் என்று நினைத்து, வேலை போய்விடுமோ என்று ஒரு பெண் பதறுகிறாள். வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கு என்ன தருவாய் என்கிற மாதிரி பேசி, அந்தப் பயத்தை வைத்தே அவளை வழிக்குக் கொண்டுவருகிறான். தியேட்டரில் அதற்குச் சிரித்திருப்பார்கள். அண்டி ஆபீசிலும் (முந்திரி ஆலைதான்) ஜவுளிக்கடையிலும் சம்பளத்துக்கு நிற்கும் பெண்களிடம் இந்தக் காட்சியைச் சொல்லிப் பாருங்கள், யாருக்குச் சிரிப்பு வருகிறது என்று.

1995-ல் வந்த 'கோல்டன்ஐ'யில் மேலதிகாரியாக வரும் ஜூடி டென்ச், பெண்களை மதிக்காத டைனோசர் நீ என்று அவன் முகத்துக்கு நேராகவே சொல்கிறார். சொல்லிவிட்டு அவனையே வேலைக்கு அனுப்புகிறார், அது வேறு கதை.

ஆனால் பாண்டைப் படைத்த இயன் ஃப்ளெமிங்கின் புத்தகங்களைத் திறந்தால் படத்தில் இல்லாத ஒருவனும் இருக்கிறான். 'மூன்ரேக்கர்' (1955) முடிவில், அவனோடு சேர்ந்து வேலை செய்த கேலா பிராண்ட், தான் வேறொருவரைக் கட்டப்போவதாகச் சொல்ல, பேசாமல் விலகிப் போகிறான். 'தி லிவிங் டேலைட்ஸ்' சிறுகதையில், தான் கொல்ல வேண்டிய ஆள் செல்லோ (பெரிய வயலின் மாதிரி ஒரு வாத்தியம்) பெட்டியோடு போய்வந்த பெண் என்று கடைசி நொடியில் தெரிந்ததும் குறியை மாற்றுகிறான். 007 என்ற உளவாளிப் பதவி போனால் போகட்டும் என்று நினைக்கிறான். இதனாலெல்லாம் அவன் நல்லவனாகிவிடவில்லை. 'லிவ் அண்ட் லெட் டை' (1954) கறுப்பின மக்களை எழுதிய விதம் அத்தனை மோசம். 2023 மறுபதிப்பில் பதிப்பாளர்களே சில சொற்களுக்குக் கத்தரி போட்டார்கள். அந்தக் கத்தரியும் எனக்குப் பிடிக்கவில்லை. இருக்கிற அழுக்கைக் கண்ணால் பார்த்துத் திட்டுவதில்தான் எனக்கு நம்பிக்கை.

(ஜேம்ஸ் பாண்ட் என்ற பெயர் மட்டும் பாவம், ஒரு பறவையியலாளருடையது. பறவை பார்க்கத் தேரூர் குளத்தில் பைனாகுலரோடு நிற்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வந்து சிரிப்பு வரும்.)

காமிக்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். 1984-ல் ராணி காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே பாண்ட் கதைதான். அதை வாசித்து வளர்ந்தவர்கள் உங்கள் குழுவிலேயே இருக்கிறீர்கள், யாரும் உளவாளி ஆகவில்லை. சிறுவர் பகுதியில் வேண்டாம் என்றால் சரி, பெரியவர்கள் அலமாரிக்கு மாற்றுங்கள். நாவல்களைப் பழைய இடத்திலேயே வையுங்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் நான் சொன்ன இரண்டு காட்சிகளையும் போட்டுக் காட்டி, பெண்களையும் பேசக் கூப்பிடுங்கள். குழுவில் ஒரு பெண்கூட இல்லாததால்தான் இதை நான் மடலாக எழுத வேண்டியிருக்கிறது. கூட்டத்தை ஞாயிறு காலை ஆராதனை நேரத்தில் வைக்காமல் சாயங்காலம் வைத்தால் நிறையப் பேர் வருவோம்.

இப்படிக்கு,
வாசகசாலை உறுப்பினர் ஒருத்தி