மிஷன் வீட்டிலிருந்து ஒரு நன்றி மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கும் எங்கள் அயலவர்களுக்கும்,

இடமாற்றக் கட்டளை கிடைத்து, வருகிற மாதம் இச்சபையை விட்டுப் புறப்பட இருக்கும் இவ்வேளையில், பிரியாவிடை ஆராதனையில் சொல்லப்படும் பொதுவான நன்றியோடு நின்றுவிடாமல், எங்கள் மூன்று பிள்ளைகளும் சிறுவர்களாக இருந்த காலத்தில் நீங்கள் செய்த உதவிகளைக் குறித்துத் தனியாக எழுத வேண்டும் என்று நானும் துணைவியாரும் விரும்பினோம். பெயரைப் போட வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டதால், செய்த காரியத்தைக் கொண்டே உங்களைக் குறிப்பிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் அதுவே போதும். யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

போதகருக்கு எந்த நேரத்தில் அழைப்பு வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. கைக்குழந்தையும் அப்படித்தான். செத்தவீட்டுச் செய்தி வந்து நான் அங்கியை எடுக்கும் வேளையில் ஒரு பிள்ளை சத்தி எடுக்கும். மற்றப் பிள்ளை முன்பள்ளி வாசலில் அப்பாவைப் பார்த்துக்கொண்டு நிற்கும். ஆசிரியையான துணைவியாருக்குப் பாடசாலை முடிய இன்னும் நேரமிருக்கும். இத்தகைய நாள்களில் கேட்காமலே ஓட்டோவைத் திருப்பிக்கொண்டு போய்ப் பிள்ளையை ஏற்றிவந்த சகோதரருக்கு முதல் நன்றி. கடைசிப் பிள்ளை பிறந்தபோது சரக்கு அரைத்துப் பத்தியக்கறி காய்ச்சி முறைவைத்துக் கொண்டுவந்த பெண்கள் சங்கத்து அக்காமாருக்கும், நிறை பார்க்கவும் தடுப்பூசிக்கும் தவறாமல் நினைவூட்டிய குடும்பநல மாதுவுக்கும் எங்கள் நன்றி.

மார்கழி மழையோடு குடாநாட்டில் டெங்கு தலையெடுப்பது வழமை. கரோல் பவனி நடந்துகொண்டிருந்த கிழமையில் எங்கள் நடுப்பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. சபையிலுள்ள ஓய்வுபெற்ற தாதி ஒருவர் வீட்டுக்கு வந்து, மூன்றாம் நாளிலேயே இரத்தம் சோதிக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். குருதிச் சிறுதட்டுகளின் எண்ணிக்கை இறங்கத் தொடங்கியிருப்பது அதனால்தான் தெரிந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது என்று பெற்றோர் ஆறுதலடையும் வேளையே இந்நோயில் ஆபத்து மிகுந்த வேளை என்று விளக்கி, பிள்ளை குடித்ததையும் கழித்த சிறுநீரையும் அளந்து கொப்பியில் குறிக்கவும் அவரே பழக்கிவிட்டார். துணைவியார் யாழ் போதனா வைத்தியசாலை விடுதியில் பிள்ளையோடு தங்கியிருந்த நாள்களில், மற்ற இருவரையும் ஒரு குடும்பம் தங்கள் வீட்டுக்குக் கொண்டுசென்று வைத்துக்கொண்டது. வாலிபர்கள் கரோலைத் தாங்களே நடத்தினார்கள். இளைப்பாறிய போதகர் ஒருவர் நத்தார்ப் பிரசங்கத்தை ஏற்றுக்கொண்டார். பிரசங்கம் என்னுடையதைவிட நன்றாக இருந்தது என்று பின்னர் இருவர் என்னிடமே சொன்னார்கள், அவர்களுக்கும் நன்றி.

மாதத்தில் ஒரு ஞாயிறு நெடுந்தீவுக்குப் போய் ஆராதனை நடத்துவதும் என் பொறுப்பாக இருந்தது. சோளகம் வீசும் மாதங்களில் கடல் கொந்தளித்து, குறிகாட்டுவானுக்குத் திரும்பும் படகு ஓடாமல் நின்றுவிட்டால், அன்றிரவு மிஷன் வீட்டில் துணைவியாரும் பிள்ளைகளும் தனித்திருக்க வேண்டிவரும். அப்போதெல்லாம் பாயோடு வந்து படுத்த மூத்த சகோதரிக்கும், தீவில் எனக்குச் சோறும் படுக்கையும் தந்து, பிள்ளைகளுக்கென்று புழுக்கொடியலும் கட்டிக் கொடுத்தனுப்பிய குடும்பத்துக்கும் நன்றி.

எதிர்வீட்டு அம்மாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் சைவர். பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையின்போது எங்கள் பிள்ளைகள் மூவரும் அவருடைய முற்றத்தில்தான் விளையாடினார்கள். நல்லூர்க் கொடியேறி இருபத்தைந்து நாளும் விரதமிருக்கும் காலத்திலும், அவர்களுக்குப் பாலும் பழமும் எடுத்துவைக்க அவர் மறந்ததில்லை.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய உதவியாக நான் கருதுவது வேறொன்று. நெடுங்காலமாக இரவில் கூடிவந்த சபைக் குழு, பிள்ளைகள் நித்திரைக்குப் போகும் நேரத்தில் தகப்பன் வீட்டில் இருக்கட்டும் என்று கூட்டத்தைச் சனிக்கிழமை காலைக்கு மாற்றியது. ஒரு பானை சோறு சமைத்துத் தருவதைவிட ஒரு குழுவின் வழக்கத்தை மாற்றுவது கடினம் என்பது சபை வேலை தெரிந்தவர்களுக்கு விளங்கும். தன் வீட்டை நடத்தத் தெரியாதவன் சபையை எப்படி விசாரிப்பான் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதை, எங்கள் கடைக்குட்டி திருவிருந்து மேசைக்குக் கீழே தவழ்ந்துபோன ஞாயிறன்றுகூட எவரும் எனக்கு நினைவூட்டவில்லை. போதகரின் பிள்ளைகள் என்ற பாரத்தை அவர்கள் தலையில் ஏற்றாமல் விட்டீர்கள்.

1824இல் உடுவிலில் பெண்கள் விடுதிப் பாடசாலையைத் தொடங்கிய அமெரிக்க மிஷனரி ஹரியற் வின்ஸ்லோ அம்மையாரும், தம் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே அப்பணியைச் செய்து, 1833இல் இந்த மண்ணிலேயே மறைந்தவர். அவர் வீட்டுத் தொட்டிலை ஆட்டிய ஊர்ப் பெண்கள் யார் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

அடுத்து வரும் போதகர் குடும்பத்திலும் ஒரு கைக்குழந்தை உண்டு. சபைக் குழுக் கூட்டத்தைப் பழையபடி இரவுக்கு மாற்றிவிட வேண்டாம் என்று தாழ்மையாகக் கேட்டுக்கொள்கிறோம். தொட்டிலையும் நுளம்புவலையையும் சிறிய சைக்கிளையும் அவர்களுக்கென்றே மிஷன் வீட்டில் விட்டுச் செல்கிறோம். திறப்பு எதிர்வீட்டு அம்மாவிடம் இருக்கும்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகரும் குடும்பத்தினரும்