உன் மகளை நான் பார்க்க முடியாது, ஏனென்றால்

அன்புள்ள சிநேகிதிக்கு,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை இரண்டு தடவை கேட்டேன். போனில் பதில் சொன்னால் நீ அழுவாய், நான் மனசு இளகிச் சரி என்று சொல்லிவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். ஒரு சைக்காலஜிஸ்டாக உன் மகளை நான் பார்க்க முடியாது. கோபப்படாமல் கடைசி வரை படி.

"நீ அவளுக்குச் சித்தி மாதிரி, உன்கிட்ட மனசு விட்டுப் பேசுவா, என்ன விஷயம்னு கேட்டு எனக்குச் சொல்லு" என்றாய். அவள் என்னைச் சித்தி என்று கூப்பிடுவதால்தான் முடியாது என்கிறேன். பொங்கலுக்கு உன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் அவள் எதிரில் உட்கார்ந்து, உன்னைப் பற்றி அவளுக்கு இருக்கிற வருத்தத்தை நான் எப்படிக் கேட்பது? அவள்தான் எப்படிச் சொல்லுவாள்? அப்புறம், கேட்டு உன்னிடம் சொல்வது என்பது என் வேலையே கிடையாது. அவளுக்குப் பத்தொன்பது வயசு. அவள் பேசுவது அவளுடையது. 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவே அதை உரிமை என்றுதான் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து என்றாலோ, பதினெட்டு வயசுக்குக் கீழே உள்ள குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடக்கிறது என்றாலோ வாயைத் திறந்தே ஆக வேண்டும், அதை முதல் நாளே வருகிறவர்களிடம் சொல்லிவிடுவேன். மற்றதெல்லாம் அந்த அறைக்குள்தான்.

இதில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். என் பெரிய மாமாவை ஞாபகம் இருக்கிறதா? கல்மண்டபத்தில் நம் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி. ஹார்பரில் வேலை, வெள்ளைச் சட்டை, ஞாயிற்றுக்கிழமை நமக்கெல்லாம் குச்சி ஐஸ் வாங்கித் தருவார். அவர் தூங்காமல் மொட்டை மாடியில் தனியாகப் பேச ஆரம்பித்ததைப் பாட்டி பக்கத்து வீட்டம்மாவிடம் யாரிடமும் சொல்லாதே என்றுதான் சொன்னாள். மறுநாள் குழாயடியில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பையன்கள் அவரைப் பார்த்து "கீழ்ப்பாக்கம்" என்று கத்துவார்கள், நாமும் அப்போது சிரித்திருக்கிறோம், அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

1794லிருந்து இருக்கிற மனநல ஆஸ்பத்திரி அது, மனநல டாக்டர் சாரதா மேனன் அம்மா 1961லிருந்து பதினேழு வருஷம் பொறுப்பில் இருந்த இடம், எத்தனையோ பேர் தெளிந்து வீடு திரும்பிய இடம். அந்தப் பெயரைத் திட்டாக்கி வைத்திருந்ததால் வீட்டில் பயந்து போய் தாயத்து, மந்திரிப்பு என்று நாலு வருஷம் ஓட்டினார்கள். கடைசியில் கூட்டிப்போய் மாத்திரை ஆரம்பித்ததும் தூங்கினார், வயிறாரச் சாப்பிட்டார். ஆனால் வேலை போயிருந்தது, தெருவில் அவரோடு நின்று பேச ஆள் இல்லை. அவரை நோயை விட அந்தக் குழாயடிதான் அதிகம் முடக்கியது என்று நான் நம்புகிறேன்.

கிளினிக்கல் சைக்காலஜியில் எம்.பில். முடித்து, ஆர்.சி.ஐ. என்கிற இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவும் வாங்கி முதலில் வேலை பார்த்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் என்னைத் தினமும் உறுத்தியதும் இதுதான். ஒரு ஆளுக்குப் பதினைந்து நிமிஷம், கதவு சாத்த முடியாது, பாதிப் பேச்சில் ஃபைல் எடுக்க ஆள் வருவார், வராந்தாவில் பெயரை உரக்கக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டதும் தலையைக் குனிந்தபடி எழுந்து வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் மாமாதான் ஞாபகத்துக்கு வருவார்.

அதனால்தான் சொந்தமாக ஆரம்பித்தபோது அண்ணா நகர் பக்கம் போகச் சொன்னவர்கள் பேச்சைக் கேட்கவில்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டுக்குப் பின்னால், கீழே கண்ணாடிக் கடை, மேலே நான். கண்ணுக்குப் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு மாடி ஏறலாம். போர்டில் என் பெயரும் படிப்பும் மட்டும். நாற்காலிகளை நேருக்கு நேர் போடாமல் சாய்த்துப் போட்டிருக்கிறேன், அழும்போது ஜன்னலைப் பார்த்துக்கொள்ளலாம். கதவுக்கு வெளியே ஒரு பழைய டேபிள் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும், அது காற்றுக்கு இல்லை, உள்ளே பேசுவது வெளியே உட்கார்ந்திருப்பவர் காதில் விழாமல் இருக்க. ஒருத்தருக்கு ஐம்பது நிமிஷம், அடுத்தவர் வருவதற்குள் இருபது நிமிஷ இடைவெளி, படிக்கட்டில் தெரிந்த முகத்தோடு மோதிக்கொள்ளக் கூடாது. புதன்கிழமை காலையில் வருகிறவர்கள் ஃபீஸாக முடிந்ததைக் கொடுத்தால் போதும். வாடகை கட்டக் கஷ்டப்படுகிற மாசமும் இருக்கிறது, ஆனாலும் அந்தப் புதன்கிழமையை நான் விடுவதாக இல்லை.

மாத்திரை எழுதுவது சைக்கியாட்ரிஸ்ட் வேலை, நான் எழுத முடியாது. மாத்திரை தேவைப்படும் என்று தோன்றினால் தாமதிக்காமல் அனுப்பிவிடுவேன், பேசியே சரி பண்ணிவிடலாம் என்று யாரையும் பிடித்து வைத்துக்கொள்ள மாட்டேன், மாமாவின் அந்த நாலு வருஷம் எனக்கு மறக்காது. போன தடவை "சுவாரசியமா ஏதாவது கேஸ் சொல்லேன்" என்று கேட்டாயே, அப்போது பேச்சை மாற்றியதும் இதனால்தான். பெயர் சொல்லாமல் சொன்னாலும் நம் பேட்டையில் ஆளைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

இப்போது உன் மகள் விஷயம். எனக்குத் தெரிந்த, நான் நம்புகிற இரண்டு பேர் இருக்கிறார்கள், இரண்டு பேரும் பெண்கள், ஆர்.சி.ஐ. பதிவு உள்ளவர்கள், உன்னையும் அவளையும் முன்பின் தெரியாதவர்கள். முதலில் அவளிடம் கேள், இழுத்துக்கொண்டு போகாதே. அவள் சரி என்றால் எனக்கு ஒரு மெசேஜ் போடு, நம்பர் அனுப்புகிறேன். உள்ளே அவள் தனியாகப் போகட்டும். திரும்பி வரும்போது ஆட்டோவில் "என்ன கேட்டாங்க, என்ன சொன்னே" என்று ஆரம்பிக்காதே, இது உனக்கு ரொம்பக் கஷ்டம் என்று தெரியும். ராத்திரி நேரத்தில் அவளைப் பார்த்துப் பயமாக இருந்தால் யோசிக்காமல் 14416க்கு அடி, டெலி மானஸ், அரசாங்கத்தினுடையது, காசு கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள். உனக்காகவும் நீ அடிக்கலாம்டி, உன் குரல் எனக்கு நன்றாகப் படவில்லை.

அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை, உன்னை விசாரித்தாள். ஜூன் 14ஓடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது, போட்டெல்லாம் போய்த் திரும்பியதும் காசிமேட்டில் நல்ல வஞ்சிரம் கிடைக்கும், வா. அவளையும் கூட்டி வா, மாடி அறைக்கு இல்லை, சித்தி வீட்டுக்கு.

உன்
பழைய பெஞ்சுக்காரி